உலகத்துச் சீட்டும் அம்மாவின் பல்செட்டும்

இலங்கையில் கூப்பன் அரிசி பாதியாகக் குறைந்த காலத்தில் மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலைச் சந்தியில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அதற்கு வெளிநாட்டு வங்கிதான் காரணம் என்றார்கள். மிளகு விலை இறங்கினால் அந்த வங்கி. மாத்தளை பஸ் நேரத்துக்கு வராவிட்டால் அந்த வங்கி. சலூனில் பிளேடு மழுங்கி ஒருவருடைய கன்னம் கிழிந்தபோது, "நல்ல பிளேடு சீமையில இருந்து வரணும். அதுக்குக் காசு குடுக்க வேணாம்னு அந்த பேங்க்கு சொல்லிருச்சு" என்று சலூன்காரர் அமைதியாக விளக்கினார். கன்னத்தில் படிகாரத்தை அழுத்திக்கொண்டிருந்தவரும் அது நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து பணம் போட்டு, கஷ்டப்படும் நாட்டுக்குக் கடன் கொடுப்பதற்காக ஏற்படுத்திய ஸ்தாபனம் அது. அதன் முழு ஆங்கிலப் பெயரை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். அந்தப் பெயரின்மேல் எனக்கு மரியாதை இருந்தது. அவ்வளவு நீளமான பெயரை வைத்துக்கொண்டு யாராவது திருட்டு வேலை செய்வார்களா?

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியை மிதித்தவன் நான். எஸ்.எஸ்.சி. பாஸ். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். அப்பாவும் அதே வேலையில் இருந்து, நான் பரீட்சை எழுதிய வருடம் போய்ச் சேர்ந்தார். அம்மா எதிலும் கைநாட்டு வைக்க மாட்டாள். வைத்தால் பிரஜாவுரிமை போய்விடும் என்று பயம். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்குப் போல அது அவளுக்கும் ஏற்கனவே இல்லை என்பதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். "இல்லாததும் போயிருச்சுன்னா என்னடா பண்றது" என்பாள்.

சந்தியில் ஏலக்காய், மிளகு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் ஸ்டோர் ஒன்றில் எனக்குக் கணக்கு எழுதும் கிளாக்கர் வேலை. அதன் முதலாளி கௌரவத்துக்காக ஆங்கிலப் பத்திரிகை வாங்குவார். வாசிக்க மாட்டார். காலையில் நான் வாசித்து, மிளகு விலையை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும். மிச்சப் பக்கங்கள் எல்லாம் எனக்கு. ரூபாயின் மதிப்பை ஏன் குறைத்தார்கள், அந்நியச் செலாவணி என்றால் என்ன, அந்தப் பெரிய வங்கி கடன் கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன கேட்கிறது என்பதெல்லாம் பலாபத்வலையில் அன்றைக்குத் தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான். தெரிந்ததைச் சும்மா வைத்திருக்க என்னால் முடியவில்லை.

விளக்கம் போதாததால்தான் உலகத்தில் சந்தேகம் உண்டாகிறது என்று நான் நம்பினேன். இன்றைக்கும் அரைவாசி நம்புகிறேன்.

சந்தியில் எங்களுக்கு ஒரு சீட்டு இருந்தது. அதைப் பிடித்தவர் கடைத்தெருவுக்குப் பின்னால் மிளகாய், மல்லி, மஞ்சள் இடித்துத் தூள் விற்கும் முஸ்லிம் பெண். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். என் முதலாளி அவரைவிட மூத்தவர். அவருக்கும் ராத்தாதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ராத்தாவின் வீட்டு முன்னறையில் குலுக்கல் நடக்கும். மிளகாய்த் தூள் காற்றில் மிதக்கும் அறை. யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள். அங்கத்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் பெயர் எழுதிய துண்டுகள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். முதலாளி மூன்று சீட்டு போட்டிருந்தார், அவருக்கு மூன்று ஏலக்காய். சலூன்காரருக்குச் சட்டைப் பொத்தான். தச்சு வேலை செய்யும் சிங்களவருக்கு, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவருக்கு, ஒரு மர ஆணி. அம்மாவும், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் ஆளுக்குப் பாதியாக ஒரு சீட்டு போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு ரப்பர் கொட்டை. இவற்றையெல்லாம் ஒரு மல்லி டின்னில் போட்டு, ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு ஒன்றை எடுப்பார். யாருடையது வருகிறதோ, அந்த மாதப் பணம் அவருக்கு. எல்லோரும் ஒரு வாரத்துக்குள் தங்கள் பங்கை ராத்தாவிடம் கொடுப்பார்கள்.

இதை வாசிக்கும் யாருக்கும் ஒரு விஷயம் உடனே பட்டிருக்கும். ரப்பர் கொட்டைக்கும் ஏலக்காய்க்கும் வித்தியாசம் தெரிய கண் தேவையில்லை. விரல் போதும். எனக்கு அது முதல் நாளே பட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"அது எல்லாருக்கும் தெரியும்டா" என்றாள். "அதுக்குத்தானே முன்னுக்கே குசினிப் பக்கம் போயி அவங்க காதுல சொல்றது."

உண்மைதான். குலுக்கலுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, போகிறவருக்கு அந்த மாதம் அவசரம் என்று அர்த்தம். இரண்டு பேர் போனால் ராத்தா இரண்டு கதையையும் கேட்டு ஒரு முடிவுக்கு வருவார். பிறகு முன்னறைக்கு வந்து, பிஸ்மி சொல்லி, கண்ணை இறுக்கி மூடி, டின்னை நன்றாகக் குலுக்கி, தேவைப்பட்டதை எடுப்பார். எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியமும் சீட்டின் ஒரு பகுதி.

அம்மாவுக்கு அந்த வருடம் அவசரம் வந்தது. அவளுடைய வாயில் பல் இல்லை. பாதியை வெற்றிலை தின்றது. மீதியைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பிடுங்கினார். பல் எந்தப் பக்கம் வலித்தாலும் அவருக்குத் தெரிந்த மருந்து குறடு ஒன்றுதான். கொஞ்ச காலமாக அம்மா சோற்றைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். யாராவது சிரிப்பு மூட்டினால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள். ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "ஒரு முறுக்கு கடிக்கணும்டா. கடிக்கிற சத்தம் கேக்கணும்."

மாத்தளை டவுனில் பல் கட்டும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சேர்த்து வைத்திருந்ததை முற்பணமாக வாங்கிக்கொண்டு, மெழுகை வாயில் திணித்து அச்சு எடுத்தார். மீதியைக் கொண்டுவந்தால் பல்செட்டு ரெடி. அதிக நாள் தள்ளிப் போட்டால் முரசு என்கிற ஈறு சுருங்கிவிடும், இந்த அச்சு பொருந்தாது, முற்பணமும் போய்விடும் என்று எச்சரித்தார். மாரியம்மன் கோயில் பூசாரி தீட்டு சொல்லும்போது கூட அவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டார்.

ஆக அடுத்த மாதக் குலுக்கலில் ரப்பர் கொட்டை வர வேண்டும். ஆயாவிடம் பேசியாயிற்று. "என் பாதியையும் நீயே எடுத்துக்க அக்கா, பெறகு மெதுவா குடு. கர்த்தர் ஒனக்குப் பல்லு குடுக்கட்டும், எனக்கு நீ முறுக்குல பாதி குடு" என்றாள். ராத்தாவின் காதிலும் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. அவர் கேட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தை ஒரு தட்டு தட்டினார். அது போதும்.

நான்தான் அந்த நேரத்தில் பெரிய வங்கியை அறைக்குள் கொண்டு வந்தேன்.

அம்மாவின் மாதத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை குலுக்கல் சலூன்காரருக்கு விழுந்து, எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சீனி தட்டுப்பாடு, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. சலூன்காரர் கருப்பட்டியைப் பார்த்து, "இதையும் அந்த பேங்க்கு நிறுத்தப் போகுதாம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்கும் அளவுக்கு அது பெரிய அறை இல்லை.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். "அது வேற ஒண்ணுமில்லிங்க. அதுவும் சீட்டுதான். நாடுக எல்லாம் போடுற சீட்டு. ஒவ்வொரு நாடும் அதுஅதோட வசதிக்கு ஏத்த மாதிரி பங்கு போடும். கஷ்டம் வர்ற நாடு எடுத்துக்கும். பெறகு திருப்பிக் கட்டும்."

எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. விளங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு கேள்விகள் தொடங்கின.

"சீட்டு பிடிக்கிறது யாரு, மகன்?" என்று ராத்தா கேட்டார். தொழில் அக்கறை.

"அதுக்கு ஒரு தலைவர் இருக்காருங்க. அமெரிக்காவுல."

"அந்த மஹத்தயா குடியிருக்கிறது சொந்த வீடா, வாடகை வீடா?" இது பாஸ். அவருடைய சிங்களத்தில் மஹத்தயா என்றால் ஐயா, மல்லி என்றால் தம்பி.

"அது தெரியாதுங்க பாஸ்."

"தெரியாம எப்படி மல்லி சல்லி போடுறது? வாடகை வீடுன்னா ராவோட ராவா போயிருவாங்க. மொகம் பார்த்திருக்கா?"

"பேப்பருல படம் வந்திருக்கு."

"படம் எனக்கும்தான் ஐடென்டிட்டி எடுக்கப் போனா புடிப்பாங்க" என்றாள் ஆயா. "அந்தாளு ஊட்டுக்கு ஒரு சாவு, ஒரு கல்யாணம்னு யாராச்சும் போயிருக்கீங்களா?"

யாரும் போயிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"மொத சீட்ட யாரு எடுத்தது?" என்று அம்மா கேட்டாள். அவள் கேட்டதுதான் எனக்கு வலித்தது.

"அங்க அப்படி மொத சீட்டுன்னு இல்லம்மா."

"எல்லா சீட்டுலயும் மொத சீட்டு இருக்கும். ஒனக்குச் சொல்லாம எடுத்திருப்பாங்க."

இவ்வளவு நேரமும் சுருட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்த முதலாளி இப்போது தொண்டையைச் செருமினார். "தம்பி, கூடப் பங்கு போடுற நாட்டுக்குக் கூட உரிமை இருக்குமே. இல்லாட்டி அவன் எதுக்குக் கூடப் போடுறான்?"

ஒருவராவது அறிவோடு கேட்டாரே என்று நான் விரிவாக விடை சொன்னேன். கூடப் பங்கு போட்ட நாட்டுக்குக் கூட ஓட்டு. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை அந்த ஓட்டுகள் தீர்மானிக்கும். கடன் கேட்கும் நாடு பணத்தை எதற்காகக் கேட்கிறது, அதனால் வருமானம் வருமா, வீட்டுச் செலவை எப்படிக் குறைக்கப் போகிறது என்றெல்லாம் காட்ட வேண்டும். நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால்தான் பணம்.

முதலாளி சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அருமையான ஏற்பாடு" என்றார். "எனக்கு இந்தச் சீட்டுல மூணு பங்கு."

என் விளக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அடுத்த மாதம் ஏலக்காய் சீசன் தொடங்கியது. ரத்தோட்டைக்கு அப்பால் ரிவர்ஸ்டன் பக்கத்து மலைகளிலிருந்து பச்சை ஏலக்காய் மூட்டைகள் இறங்கும். கையில் பணம் உள்ளவன் முந்திக்கொள்வான். முதலாளிக்கும் பணம் தேவை. வேறு ஆண்டாக இருந்தால் அவரும் குசினிப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்திருப்பார். ராத்தா அவர் கதையைக் கேட்டு, போன முறை நீங்க எடுத்தீங்களே முதலாளி, பொறுங்க என்று சொல்லியிருப்பார். இந்த முறை அவர் குசினிக்குப் போகவில்லை. என்னைத் தமக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"உலகமே ஒரு முறைக்கு வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். "நாம மட்டும் டின்னுக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கோம். இனி இந்தச் சீட்டும் உலக முறைப்படி நடக்கட்டும். பங்குக்கு ஒரு ஓட்டு. பணம் கேக்கிறவங்க எதுக்குன்னு சொல்லணும். தம்பி படிச்ச பிள்ளை, முறை தெரியும். எல்லாத்தையும் பாத்துக்குவார்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ராத்தா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இடியாப்பம் வேகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். "செல்லுங்க முதலாளி, கேப்பம்" என்றார். சொல்லுங்க என்பது அவர் பேச்சில் அப்படித்தான் வரும்.

"இந்த மாசம் யாருக்குத் தேவை?"

அம்மா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "எனக்குங்க."

"எதுக்கும்மா?"

"பல்லு கட்டங்க."

"பல்லு." முதலாளி என் பக்கம் திரும்பினார். "இது உற்பத்திச் செலவா தம்பி?"

பத்திரிகையில் அந்தச் சொல்லை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஆம் என்று சொல்ல ஆதாரமும் இல்லை. "மறைமுகமா உற்பத்தின்னு சொல்லலாங்க" என்றேன்.

"மறைமுகம்னா?"

"நல்லாச் சாப்பிட்டா நல்லாப் பால் வெட்டுவாங்க."

"வெட்டுற பால் தோட்டத்துக்குத்தானே போகுது. இங்க என்ன வருமானம் வரும்?" முதலாளி அம்மாவிடமே கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். "சொல்லும்மா, பல்லு கட்டினா என்ன வருமானம்?"

அம்மா யோசித்தாள். "வருமானம் இல்லிங்க, செலவுதான். மெல்லுறதுக்கு ஏதாச்சும் வாங்கணுமில்ல."

பாஸ் சிரிக்க, மிளகாய்த் தூள் தொண்டையில் ஏறி இருமினார். முதலாளி சிரிக்கவில்லை. ஏலக்காய் வாங்கினால் எத்தனை குடும்பத்துக்கு வேலை, சந்திக்கு எவ்வளவு வரும்படி என்று பேசினார். உண்மையில் நன்றாகப் பேசினார். பிறகு ஓட்டு.

ஓட்டு என்றதும் ஆயாவுக்கு ஒரு சந்தேகம். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சீட்டு. அப்ப ஆளுக்கு அரை ஓட்டா?"

"முறைப்படி அரைதான்" என்றேன்.

"பரவால்ல அக்கா" என்று அம்மாவின் தோளைத் தட்டினாள். "நாட்டுல நமக்கு ஒண்ணுமே இல்ல. இங்க அரை குடுத்திருக்காங்க."

"கைய முழுசாத் தூக்கணுமா, முழங்கை வரைக்கும் போதுமாடா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை. முறை தெரியாமல் பிழை விட்டால் அரையும் போய்விடும் என்று பயம்.

அம்மாவும் ஆயாவும் முழங்கை வரைக்கும் தூக்கினார்கள். பாஸ் அவர்களுக்காக முழுக்கையும் தூக்கினார். முதலாளியின் ஒரு கை மூன்றாக எண்ணப்பட்டது. சலூன்காரர் முதலாளியின் கட்டிடத்தில் வாடகைக்கு இருந்தார். அவருடைய கை தானாகவே மேலே போனது. அவர் அதைப் பார்த்து வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. மற்றவர்களும் ஏதாவது ஒரு வகையில் ஸ்டோருக்கு மிளகு விற்கிறவர்கள். எனக்குச் சீட்டும் இல்லை, ஓட்டும் இல்லை. நிபுணன் மட்டும். பணம் முதலாளிக்கு என்று நான்தான் அறிவித்தேன்.

அம்மா தலைப்பைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை என்றாலும் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ராத்தா எழுந்து டின்னைத் துடைத்து, முதலாளியின் மடியில் வைத்தார். "ஒரு விசயம் உட்டுப்போச்சு, மகன். அந்த ஒலகச் சீட்டுல தலைவரு யாரோட ஆளு?"

"கூடப் பங்கு வச்சிருக்கிற நாடுகதான் பேசி முடிவு செய்யும்னு..." என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப முறைப்படி இனி முதலாளிதான் சீட்டு பிடிக்கணும். வசூலும் அவங்கதான். யாரும் குடுக்காட்டி கைல இருந்து போடுறதும் அவங்கதான். எனக்கு மிளகாய் காயுது." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. டின்னை ஸ்டோருக்குக் கொண்டுபோய், சாமி படத்துக்குக் கீழே வைத்து, பூவும் வைத்தார்.

அந்த வாரம் முழுக்க யாரும் பணம் கொண்டுவரவில்லை. யாரும் மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஸ்டோர் வாசலில் போகும்போது எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே போனது. மலையிலிருந்து ஏலக்காய் இறங்கி, எங்கள் வாசலைத் தாண்டி, மாத்தளைக்கு வடக்கிலுள்ள நாலந்தா பக்கத்து வியாபாரி ஒருவரின் லொறியில் ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி என்னை வசூலுக்கு அனுப்பினார்.

முதலில் சலூன். அவர் ஒருவருடைய தலையில் பாதியை முடித்திருந்தார். "குடுக்கிறதுக்கு என்ன தம்பி. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. முதலாளி இந்தப் பணத்த வாங்கி ஏலக்காய்ல போடுறார். வெல விழுந்தா? ஒரு உத்தரவாதம் வேணாமா?"

பாஸ் கதவுப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நான் தாறேன் மல்லி. முதலாளி வீட்டுச் செலவ கொறைக்கிறதா சொன்னா தாறேன். பெரிய பேங்க் அப்படித்தானே கேக்கும்? அவருக்கு ரெண்டு குசினி இருக்கே. ஒண்ண மூடச் சொல்லுங்க."

கடைசியில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் என் சொந்த அம்மாவிடம் நின்றேன். அவள் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். ஆயாவும் வாசலில் இருந்தாள்.

"அம்மா, சீட்டுக் காசு."

"தர்றேன். ஒங்க முதலாளி சுருட்ட நிறுத்திட்டாரா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"அது உற்பத்திச் செலவா?" என்று ஆயா வாசலிலிருந்து கேட்டாள். "பொகையா போகுதேப்பா."

"மறைமுகமா" என்றாள் அம்மா. இரண்டு பேரும் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். இதற்குள் பல் டாக்டர் சொன்ன தவணையில் பெரும்பகுதி போய்விட்டது. அம்மா இரவில் விரலால் முரசைத் தடவிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் அவள் பணத்தைக் கொடுக்கவில்லை. அந்த அரை ஓட்டுக்காரிக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

நான் ஒழுங்கான கிளாக்கர். போன காரியத்தை அப்படியே ஒப்பித்தேன்.

"சுருட்டா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. அதோட ஒரு குசினி."

"யாரு கேட்டது?"

"பொதுவா எல்லாருங்க. முறைப்படி கேக்கிறாங்க."

அவர் சுருட்டைப் பார்த்தார், பிறகு சாமி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் வேலை அந்த மூன்றாவது பார்வையில் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. "என்னப் பத்தி இந்தச் சந்தியில எல்லாருக்கும் தெரியுமே தம்பி. நான் ஓடிருவேனா? எனக்குச் சொந்த வீடு."

"அதத்தாங்க நானும் சொன்னேன். பாஸ் சொல்றார், ஓடுறதப் பத்தி இல்லையாம். நீங்க யாரோட கதையக் கேட்டுப் பணம் குடுப்பீங்கன்னு அவருக்குத் தெரியலையாம்."

முதலாளி ஒரு நாள் முழுக்கச் சுருட்டில்லாமல் இருந்து பார்த்தார். எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார், சாதிக்காயைத் தப்பாக நிறுத்தார், பின்னேரம் என்னைக் கூப்பிட்டு டின்னை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பூவை மட்டும் சாமிக்கே விட்டுவிட்டார்.

ராத்தா உலக்கையோடு நின்றிருந்தார். முதலாளி தும்மினார்.

"டின்னுல ஏலக்காய் வாசம் ஏறிப்போச்சு ராத்தா" என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. "நம்ம ஸ்டோர்ல வச்சா அப்படித்தான். இங்கயே இருக்கட்டும்."

"வெயில்ல வைச்சா போயிரும்" என்றார் ராத்தா. "ஞாயித்துக்கெழமை எல்லாரயும் வரச் செல்லுங்க. ஒலக முறைக்கு வாற ஞாயிறா, நம்ம முறைக்கு வாற ஞாயிறா?"

"நம்ம முறைதான்."

"அப்ப முதலாளி, தண்ணி குடிக்கிறீங்களா?"

அவர் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால், அவருக்கு அடுத்த மாதம் என்று பட்டது. ஏலக்காய் அதுவரை மலையிலேயே காத்திருக்குமா என்று கவலைப்பட்டபடி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். கருப்பட்டி சிறு துண்டாகியிருந்தது. அதற்கும் அந்த வங்கிதான் காரணம் என்று சலூன்காரர் தொடங்க, பாஸ் என்னைக் காட்டி, "சும்மா இருங்க, மல்லி எழும்பிருவார்" என்றார்.

ராத்தா டின்னைக் குலுக்கினார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா அடையாளத்தையும் ஒரே அளவாக வைத்துவிட்டால், உதாரணமாக எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொக்கோ விதை கொடுத்து நிறம் மட்டும் வேறாகப் பூசிவிட்டால், யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாத, உண்மையான குலுக்கலாக இருக்கும். வாயைத் திறந்தேன். அம்மா பக்கத்திலிருந்து என் காலை மிதித்தாள். பால்வாளி தூக்கி மேடு ஏறிப் பழகிய கால். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ராத்தா பிஸ்மி சொன்னார். கண்ணை இறுக்கி மூடினார். கையை விட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். விரித்த கையில் ரப்பர் கொட்டை இருந்தது.

"அட" என்றார் முதலாளி. எல்லோரையும்விட அவர்தான் நன்றாக ஆச்சரியப்பட்டார்.

மறுநாளே பணம் முழுதும் ராத்தாவிடம் சேர்ந்துவிட்டது. டாக்டர் அம்மாவின் வாயைத் திறந்து முரசை அழுத்திப் பார்த்து, இன்னும் ஒரு வாரம் பிந்தியிருந்தால் அச்சு குப்பைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பல்செட்டை மாட்டினார். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். சொந்தக்காரி ஒருத்தியை அடையாளம் கண்டதுபோல மெதுவாகச் சிரித்தாள்.

டாக்டர் நிபந்தனைகளை அடுக்கினார். முதல் மாதம் கஞ்சி மாதிரி மெதுவானதுதான் சாப்பிட வேண்டும். வெற்றிலை கூடாது. முறுக்கு, கடலை நினைக்கவே கூடாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள்.

பஸ்ஸில் வாயில் சூடான தேத்தண்ணியை வைத்திருப்பவள்போல ஒன்றும் பேசாமல் வந்தாள். பலாபத்வலையில் இறங்கியதும் லயத்துப் பாதையில் திரும்பவில்லை. நேரே ஸ்டோருக்கு நடந்தாள். வழியில் கடையொன்றில் ஒரு முறுக்கு வாங்கினாள்.

முதலாளி சுருட்டோடு இருந்தார். அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். "வருமானம் வரும்."

"அம்மா, டாக்டர் ஒரு மாசத்துக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

அம்மா முறுக்கை இரண்டாக உடைத்து, பாதியை ஆயாவுக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். மாத்தளைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அவரு எங்க இருக்காரு, நான் எங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடித்தாள். சத்தம் சலூன் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.